பப்பி மில்லிலிருந்து வந்த குட்டியின் பயத்தைப் போக்க இன்னும் காலம் இருக்கிறதா?

இணையத்தில் படம் பார்த்து ஒரு குட்டியை வாங்கியிருக்கிறீர்கள். வயது எட்டு வாரம் என்று சொல்லி, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வைத்துக் கையில் கொடுத்திருக்கிறார் விற்றவர். தாயை நீங்கள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் குட்டி சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. யாராவது வந்தால் நடுங்கிச் சிறுநீர் விட்டுவிடுகிறது. படுக்கும் இடத்திலேயே மலம் கழித்துவிட்டு அங்கேயே தூங்குகிறது. இது பப்பி மில் (விற்பனைக்காக நாய்களை மொத்தமாக ஈனவைக்கும் கூடம்) குட்டிதானா, மருத்துவர் சொன்னபடி தடுப்பூசி எல்லாம் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாமா, துணைக்கு இருக்கட்டும் என்று அதே ஆளிடம் இதனுடன் பிறந்த இன்னொன்றையும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகத் தெரிகிறது. இந்தப் பயம் பிறவிக் குணமா, வந்த இடத்தில் ஏற்பட்டதா, நீங்கள் வளர்க்கும் விதத்தால் வந்ததா, எதுவாக இருந்தாலும் மாற்ற இன்னும் காலம் இருக்கிறதா என்பதுதான் அது. காலம் இருக்கிறது. ஆனால் தடுப்பூசிகள் முடியட்டும் என்று காத்திருக்கும் அளவுக்கு இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். பல ஆண்டுகளாக நாய்களின் நடத்தைச் சிக்கல்களையே முக்கியமாகப் பார்த்து வருகிறேன். என்னிடம் வரும் பயந்த நாய்களில் பெரும்பாலானவற்றின் முதல் எட்டு வாரத்தைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களுக்கு எதுவும் தெரிந்திருப்பதில்லை. உங்கள் குட்டியை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நோயறிதல் சொல்ல முடியாது. எனவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பப்பி மில் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அழுக்கான இடம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். கழுவித் துடைத்த, உரிமம் பெற்ற கூடமும் பப்பி மில்லாக இருக்க முடியும். தாய் நாயை ஈனும் கருவியாக மட்டும் வைத்திருப்பதுதான் அதன் அடையாளம். கூண்டில் வாழ்க்கை, அடுத்தடுத்து ஈற்று, குறைந்த ஆட்கள், நிறையக் குட்டிகள், பால்குடி மறந்ததும் விற்பனை. சட்டம் கேட்பது எவ்வளவு குறைவு என்பதற்கு அமெரிக்காவின் விலங்கு நலச் சட்ட விதிகளைப் பார்க்கலாம். நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதோடு 6 அங்குலம் கூட்டி, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் பரப்புதான் ஒரு நாய்க்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தரை. 24 அங்குல நீள நாய்க்கு 30 அங்குலத்துக்கு 30 அங்குலம், அதாவது 6.25 சதுர அடி. அந்த இடத்தில் ஒரு நாய் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து குட்டி போட்டுக்கொண்டிருந்தாலும் விதிப்படி இட அளவில் குறை சொல்ல முடியாது. எனவே விற்றவர் உரிமத்தைக் காட்டினார் என்பதும், வம்சாவளிச் சான்றிதழ் கொடுத்தார் என்பதும் உங்கள் கேள்விக்குப் பதிலாகாது. சான்றிதழ் குட்டியின் தாய் தந்தை யார் என்று சொல்லுமே தவிர, அந்தத் தாய் எப்படி வாழ்ந்தாள் என்று சொல்லாது.

இனி, அந்த எட்டு வாரங்களில் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். நாய்க்குட்டி பார்வையும் கேட்கும் திறனும் இல்லாமல்தான் பிறக்கிறது. இரண்டு வாரம் ஆகும்போது கண் திறக்கிறது. மூன்றாவது வாரத்தின் முடிவில் சத்தத்துக்குத் திடுக்கிடத் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம்வரை, சில குட்டிகளுக்குப் பதினான்கு வாரம்வரை, மூளை ஒரு தனி நிலையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமைதியாகச் சந்தித்ததெல்லாம் உலகத்தின் இயல்பான பகுதி என்று பதிந்துவிடும். தொடக்கத்தில் ஆர்வம் பயத்தைவிட அதிகமாக இருக்கும்; நான்கு வாரக் குட்டி புதிய மனிதனைக் கண்டால் தள்ளாடிக்கொண்டே அருகில் வரும். ஐந்து வாரத்துக்குப் பிறகு பயம் மெல்ல எழுந்து, வாரம் செல்லச் செல்ல ஆர்வத்தை முந்தத் தொடங்குகிறது. இந்தத் திருப்பம் எல்லா இனத்துக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சற்று முன்பாகவும், கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலுக்குச் சற்றுப் பின்பாகவும் வருவதாக ஆய்வு இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை பழையது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் செய்து 1961இல் வெளியிட்டார்கள். காக்கர் ஸ்பானியல், பீகிள் குட்டிகளை உயரமான வேலிக்குள், தாயோடு, மனிதர் கை படாமல் வளர்த்தார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வார வயதில் வெவ்வேறு குட்டிகளை ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதரோடு பழக விட்டுத் திரும்ப வேலிக்குள் விட்டார்கள். சில குட்டிகளைப் பதினான்கு வாரம்வரை எடுக்கவே இல்லை. நடு வாரங்களில் எடுக்கப்பட்டவை மனிதரோடு இணங்கின. பதினான்கு வாரம்வரை மனிதரைக் காணாதவை அதற்குப் பிறகு எவ்வளவு பழக்கியும் இயல்பாக நெருங்கவில்லை. காட்டு விலங்குபோலவே ஒதுங்கின. அதே ஆய்வகத்தின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுப் பணியைத் தொகுத்து 1965இல் நூலாக வெளியிட்டபோதும் இந்தக் காலத்தின் முக்கியத்துவம் உறுதிப்பட்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒரு வாரப் பழக்கமே எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது என்பது. உங்கள் குட்டி மனிதரையே பார்க்காமல் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை. விற்றவர் சொன்ன வயது சரியென்றால் இப்போது அதற்குப் பதினொரு வாரம். கதவு மூடிக்கொண்டிருக்கிறது, ஆனால் மூடிவிடவில்லை.

பப்பி மில்லில் தொலைவது மனிதப் பழக்கம் மட்டுமல்ல. படுத்த இடத்திலேயே மலம் கழிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பலர் அழுக்குப் புத்தி என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொண்டு குட்டியைத் திட்டுகிறார்கள். உண்மையில் மூன்று வாரமானதும் குட்டி தானாகவே படுக்கையை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கத் தொடங்கும். எட்டரை வாரத்துக்குள் எந்த மாதிரித் தரையில் கழிப்பது என்ற விருப்பமும் பதிந்துவிடும். இதற்கு நகர்ந்து போக ஓர் இடம் வேண்டும். கம்பித் தளம் போட்ட கூண்டில் உண்பது, உறங்குவது, கழிப்பது எல்லாம் ஒரே சதுரத்தில் நடக்கும்போது, இயற்கை கொடுத்த ஒதுங்கும் வழக்கம் அழிந்துவிடுகிறது. உங்கள் குட்டியின் பிறப்பிடம் பற்றி நீங்கள் எழுதியவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் குறிப்புதான்.

உடன்பிறந்தவற்றோடும் தாயோடும் இருக்கும் கடைசி வாரங்களும் அப்படித்தான். ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, வலிக்கக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று குட்டி கற்கிறது. இத்தாலியில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்ட குட்டிகளையும் இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்டது. முன்னதாகப் பிரிக்கப்பட்டவை வளர்ந்தபின் அதிகம் குரைத்தன, நடைக்குப் போகும்போது பயந்தன, சத்தங்களுக்கு மிரண்டன, பொருள்களை நாசம் செய்தன. சிறிய குட்டி அழகாக இருக்கும், சீக்கிரம் விற்கும் என்பதால் வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது இந்த வணிகத்தில் புதிதல்ல. உங்களுக்குக் கிடைத்தபோது அது எட்டு வாரம்தானா என்பதைப் பால்பற்களை வைத்து மருத்துவர் ஓரளவு கணிக்க முடிந்திருக்கும். பற்கள் மூன்று வாரத்துக்குப் பிறகுதான் முளைக்கத் தொடங்கும்; எட்டு வாரத்தில் ஏறத்தாழ 28 பால்பற்களும் வந்திருக்கும். முதல் பரிசோதனையின்போது ஏதேனும் குறித்து வைத்தாரா என்று கேளுங்கள். வயது சொன்னதைவிடக் குறைவு என்று தெரிந்தால், அதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பழக்குவதற்கு இன்னும் சில வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.

தாயின் நிலையைப் பற்றி ஆய்வு சொல்வது கொஞ்சம், நாம் ஊகிப்பது அதிகம். கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் கடும் மன அழுத்தம் குட்டிகளைப் பயந்த சுபாவமுள்ளவையாக ஆக்குகிறது என்பது எலிகளிடம் நன்கு நிறுவப்பட்டது. நாய்களிடமும் அப்படியே என்று அதே உறுதியுடன் சொல்ல மாட்டேன். பிறந்த பிறகு தாய் குட்டிகளை எவ்வளவு நேரம் நக்கி, அணைத்து, அருகில் இருக்கிறாள் என்பதற்கும் பிற்காலச் சுபாவத்துக்கும் தொடர்பு இருப்பதை ஸ்வீடன் ராணுவத்துக்காக வளர்க்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுகளில் 2016இல் காட்டினார்கள். தாய் பயந்தவளாக இருந்தால் குட்டிக்கு அது மரபணு வழியாகவும் வரும், அவளைப் பார்த்துப் பார்த்தும் வரும். இரண்டையும் ஒரு தனிக் குட்டியிடம் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

கூண்டில் ஈன்ற தாய்களின் மனநிலையைப் பற்றியும், கடைகளில் விற்கப்பட்ட குட்டிகளைப் பற்றியும் அதிகம் ஆராய்ந்தவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் மெக்மில்லன். 2011இல் அவருடைய குழு, வணிகக் கூடங்களிலிருந்து வெளியேறி வீடுகளில் தத்தெடுக்கப்பட்ட 1,169 நாய்களைச் சாதாரண வீட்டு நாய்களோடு ஒப்பிட்டது. முன்னாள் கூண்டு நாய்களிடம் பயமும், தொட்டால் கூசிச் சுருங்குவதும், வீட்டுக்குள் கழிப்பதும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் மிகுதியாக இருந்தன. கடிக்கும் குணம் அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தது. 2013இல், கடையில் வாங்கிய 413 நாய்களைத் தனியார் வளர்ப்பாளர்களிடம் வாங்கிய 5,657 நாய்களோடு ஒப்பிட்டபோது, கடை நாய்களிடம் சொந்த வீட்டாரிடமும் அந்நியரிடமும் மற்ற நாய்களிடமும் சீறுவது, பயம், பிரிவுத் துயரம், வீட்டுக்குள் கழிப்பது ஆகியவை கூடுதலாகத் தெரிந்தன. இவை வளர்ப்பவர்கள் நிரப்பிய கேள்வித்தாள்களை வைத்துச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. மரபா, கருப்பைக் கால அழுத்தமா, சீக்கிரம் பிரித்ததா, லாரிப் பயணமா, கடைக் கண்ணாடிப் பெட்டியா, வாங்கியவரின் அனுபவமின்மையா என்று எது எவ்வளவு காரணம் என இவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவுகள் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன, நான் பரிசோதனை அறையில் காண்பதும் அதே திசைதான்.

ஆகவே, உங்கள் குட்டி பப்பி மில்லிலிருந்து வந்ததா என்பதற்கு என் பதில்: பெரும்பாலும் ஆம். தாயைக் காட்டாதது, பிறந்த இடத்துக்கு வரவிடாமல் பொது இடத்தில் கைமாற்றியது, படுக்கையைக் காக்கும் வழக்கமின்மை, மனிதரைக் கண்டு உறைந்துபோவது என்று எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. அந்த ஆளின் விளம்பரங்களைத் திரும்பப் பாருங்கள். பல இனக் குட்டிகள் எப்போதும் கைவசம் இருக்கின்றனவா, ஒரே தொலைபேசி எண் வெவ்வேறு பெயர்களில் வருகிறதா என்று பார்த்தால் சந்தேகம் இன்னும் தெளியும். நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததல்ல என்பதை மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன். வீட்டுக்கு வந்த நாளிலேயே சோபாவுக்கு அடியில் ஓடிய குட்டி, அந்தப் பயத்தைக் கொண்டேதான் வந்தது.

பழக்கத் தொடங்கும் முன் உடலைப் பார்த்துவிட வேண்டும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் உருளைப்புழுவும் நெரிசலான கூடங்களில் சாதாரணம். வயிறு சரியில்லாத குட்டியால் கழிப்பதை அடக்க முடியாது. சிறுநீர்த்தொற்று, மிகச் சிறிய இனமாக இருந்தால் சர்க்கரை குறைவது, வெள்ளை அல்லது மெர்ல் (வெளிறிய நிறத்தில் அடர்ந்த திட்டுகள்) நிறமாக இருந்தால் காது கேளாமை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்காத குட்டி திடீரென்று தொடப்பட்டால் துள்ளி மிரளும். அதைச் சுபாவம் என்று தவறாகப் படித்துவிடுவோம். குட்டியைத் தொட்டபின் கை கழுவுவதில் வீட்டில் அனைவரும் கண்டிப்பாக இருங்கள். 2016 முதல் 2018 வரை அமெரிக்காவில் பல மாநிலங்களில் நூறு பேருக்கும் மேல் மருந்துக்கு மசியாத கேம்பிலோபாக்டர் கிருமியால் பாதிக்கப்பட்டார்கள். அது கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகளோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது.

இப்போது தடுப்பூசி. உங்கள் மருத்துவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் குட்டிகளைச் சில நாட்களில் கொல்லும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசி வேலை செய்யாமல் போகலாம். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். இந்தக் கணக்கில் பதினாறாவது வாரம்வரை குட்டியை அடைத்து வைத்தால், பழகும் காலம் முழுவதும் நான்கு சுவருக்குள் கழிந்துவிடும். இந்த முரணை எதிர்கொண்டுதான் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஏழு, எட்டு வாரத்திலேயே, குறைந்தது ஒரு சுற்றுத் தடுப்பூசியும் முதல் குடற்புழு மருந்தும் முடிந்து ஏழு நாளான குட்டிகளைப் பழக்கும் வகுப்புகளில் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். இளம் நாய்களின் சாவுக்குத் தொற்றுநோயைவிட நடத்தைச் சிக்கல்களே பெரிய காரணம் என்றும் அதில் சொன்னார்கள். கைவிடப்படுவதும் கருணைக்கொலையும் அதில் அடங்கும். 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், தடுப்பூசி தொடங்கி வகுப்புக்குச் சென்ற குட்டிகளில் ஒன்றுக்கும் பார்வோ வரவில்லை.

எனவே உங்கள் மருத்துவரிடம் போய், வெளியே கொண்டுபோகலாமா கூடாதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்துக்கு, எந்த முறையில் கொண்டுபோகலாம், இப்போது நம் பகுதியில் பார்வோ நோயாளிகள் வருகிறார்களா என்று கேளுங்கள். பதில் மாறும். தெருநாய்கள் நடமாடும் மண், நாய்ப் பூங்கா, பிற நாய்களின் மலம் இருக்கும் இடம், மருத்துவமனைத் தரை இவற்றில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. தோளில் தூக்கிக்கொண்டோ, திறந்த பையில் வைத்தோ, வண்டிக்குள் இருந்தபடியோ உலகத்தைக் காட்டலாம். முழுத் தடுப்பூசி போட்ட, குட்டிகளோடு பொறுமையாக இருக்கும் வளர்ந்த நாய் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உங்கள் பகுதியில் நோய் பரவிக்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், மனிதர்களை வீட்டுக்கு வரவழையுங்கள்.

பழக்குவது எப்படி என்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. முதல் மாதத்துக்குள் நூறு மனிதரைச் சந்திக்க வேண்டும் என்பதுபோன்ற பட்டியல்கள் சுற்றி வருகின்றன. நல்ல சூழலில் வளர்ந்த துணிச்சலான குட்டிக்கு அது ஒருவேளை தீங்கு செய்யாது. உங்கள் குட்டிக்குச் செய்யும். பயத்தில் உறைந்திருக்கும் குட்டியை மடியில் அழுத்திப் பிடித்துப் பத்துப் பேர் தடவினால், மனிதர்கள் நல்லவர்கள் என்று அது கற்பதில்லை. தப்பிக்க வழியில்லை என்று கற்கிறது. அசையாமல் இருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே, பழகிவிட்டதே என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். எத்தனை பேரைச் சந்தித்தது என்பது கணக்கே இல்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் எவ்வளவு சீக்கிரம் உடம்பை உதறிக்கொண்டு தின்னவும் மோப்பம் பிடிக்கவும் தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில நொடியில் மீண்டால் சரியான அளவு. ஒரு நிமிடம் கடந்தும் ஒடுங்கியே இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த முறை தூரத்தைக் கூட்டுங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள். கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், காதைப் பின்னால் ஒட்டுதல், வாலை ஒடுக்குதல், மிகப் பிடித்த தீனியையும் தொடாமல் விடுதல் இவையெல்லாம் போதும் என்று குட்டி சொல்வது.

சோபாவுக்கு அடியிலிருந்து அதை ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒளிந்துகொள்ள ஓர் இடம் உண்டு, அங்கே யாரும் கை நீட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அது வெளியே வருவதற்கான முதல் துணிவு. நீங்கள் தரையில், பக்கவாட்டில் திரும்பி, அதைப் பார்க்காமல் உட்காருங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். சிறு சிறு தீனித் துண்டுகளை அதன் அருகே போட்டு, நாளாக நாளாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். விருந்தாளிகளுக்கு ஒரே விதி: குட்டியைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, குனிந்து தலையில் கை வைக்கக் கூடாது. உட்கார்ந்து பேசிக்கொண்டே தொலைவில் தீனியைப் போட்டுவிட்டுப் போனால் போதும். கையிலிருந்து வாங்கித் தின்னச் சொல்லி ஆசைகாட்டுவதும் வேண்டாம். தீனிக்காகத் துணிந்து அருகே வந்துவிட்டு, தின்று முடித்ததும் தான் எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று கண்டு மிரளும் குட்டிகள் உண்டு. மனிதர்கள் வித்தியாசப்பட வேண்டும்: தாடி வைத்தவர், முதியவர், கைத்தடி ஊன்றியவர், கண்ணாடி போட்டவர், சொன்னதைக் கேட்கும் குழந்தை. ஒரு நாளைக்கு ஒருவரே போதும்.

பயந்திருக்கும்போது தீனி கொடுத்தால் பயத்தைப் பாராட்டியதாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது தவறு. பயம் என்பது பலன் கருதிச் செய்யும் செயல் அல்ல. பயமூட்டும் பொருளோடு நல்லது ஒன்று சேர்ந்து வந்தால் பயம் குறையுமே தவிர வளராது. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். சத்தங்களுக்குப் பதிவுகளைப் பயன்படுத்துங்கள். இடி, பட்டாசு, வாகன ஹார்ன் போன்றவற்றைக் காது அசையுமே தவிரத் தீனியை நிறுத்தாத அளவுக்கு மெல்ல வைத்து, வாரக்கணக்கில் கூட்டுங்கள். தரைகளும் முக்கியம். கம்பியில் வளர்ந்த குட்டிக்குப் புல், மணல், படிக்கட்டு, வழுக்கும் ஓடு எல்லாமே புதியவை. மருத்துவமனைக்கு ஊசி போடாத நாட்களிலும் தூக்கிக்கொண்டு போய், தீனி கொடுத்துத் திரும்ப வாருங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தவர்களின் நாய்களைப் பிற்காலத்தில் பரிசோதிப்பது எனக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதைப் பார்க்கிறேன்.

கழிப்பிடப் பழக்கத்துக்குக் கூண்டுப் பயிற்சியைப் பரிந்துரைப்பார்கள். படுக்கையைக் காக்கும் வழக்கம் உள்ள குட்டிக்கே அது பலிக்கும். உங்களுடையதைக் கூண்டில் அடைத்தால் பழைய வாழ்க்கையைத் திரும்பக் கொடுத்தது போலாகிவிடும். சிறிய தடுப்புக்குள் ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் புல்தட்டு அல்லது மண்தட்டு வையுங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் அங்கே கொண்டுபோய் விட்டு, கழித்த அந்த நொடியில் பாராட்டுங்கள். படுக்கையை அடிக்கடி துவைத்துக் காயவைத்துப் போடுங்கள். காய்ந்த இடத்தில் தூங்கும் சுகத்தை முதலில் அது அறிய வேண்டும். தவறான இடத்தில் கழித்தால் திட்டாமல் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்துவிடுங்கள். சாதாரணக் குட்டிக்குச் சில வாரம் ஆகும் வேலை, இதற்குப் பல மாதம் ஆகலாம். ஆள் வரும்போது நடுங்கிச் சிறுநீர் விடுவது இதிலிருந்து வேறு. அது பயத்தின் வெளிப்பாடு, பயம் குறையும்போது தானாகக் குறையும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று சொல்லி, பதினான்கு வாரத்துக்குள் முடியாவிட்டால் அவ்வளவுதானா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்குப் பிறகும் நாய் கற்கும், கடைசிவரை கற்கும். வேகமும் எல்லையும்தான் மாறும். இன்று ஒரு வாரத்தில் தருவதைப் பிறகு தர மாதங்கள் ஆகும், அப்போதும் புதிய மனிதரிடம் ஒரு தயக்கம் மிஞ்சலாம். அதேபோல, இப்போது நன்றாகப் பழகிய குட்டியையும் பிறகு வீட்டுக்குள்ளேயே வைத்தால் பயம் திரும்ப வரும். முதல் ஆண்டு முழுவதும் இதைத் தொடர வேண்டும். மெக்மில்லன் ஆராய்ந்த கூண்டுத் தாய்களில் பல, ஆண்டுக்கணக்கான அடைப்புக்குப் பிறகும் வீடுகளில் வாழப் பழகின. முழுமையாக மாறாமல் போனவையும் இருந்தன. உங்கள் குட்டி எந்தப் பக்கம் போகும் என்று இன்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சந்தையில் துள்ளித் திரியும் நாயாக ஆகாவிட்டாலும், தன் வீட்டில், தன் மனிதர்களோடு அச்சமின்றி இருக்கும் நாயாக ஆவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அது ஒரு முழு வாழ்க்கைதான். நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் ஆள் இருக்கும்போது தின்ன மறுத்தால், மீளும் நேரம் குறையாமல் நீண்டுகொண்டே போனால், உறுமவோ கடிக்கவோ தொடங்கினால், நடத்தையியலில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவை மயக்கி வைப்பதற்கு அல்ல, கற்கும் நிலைக்கு மூளையைக் கொண்டுவருவதற்கு. அடித்தும் சங்கிலியைச் சுண்டியும் அடக்கும் பயிற்சியாளரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக, உடன்பிறந்த இன்னொரு குட்டி. வேண்டாம். அங்கே விட்டுவந்தோமே என்ற வேதனை எனக்குப் புரிகிறது. அந்தக் குட்டியின் நிலை நல்லதாக இருக்காது என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அதன் தாயை அடுத்த ஈற்றுக்கு அனுப்பும். உங்கள் குட்டிக்கும் அதனால் நன்மை குறைவு: பயந்த இரண்டு குட்டிகள் மனிதரைவிட ஒன்றையொன்று சார்ந்துகொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இது தனி நோய்க்குறி என்று சிலர் பெயர் சூட்டுவதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பழக்க இரண்டு மடங்கு நேரம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. துணை வேண்டுமென்றால், தெரிந்தவர் வீட்டு நிதானமான வளர்ந்த நாயோடு வாரத்துக்குச் சில முறை பழக விடுங்கள். அந்த இன்னொரு குட்டிக்கும் அதன் தாய்க்கும் நீங்கள் செய்யக்கூடியது புகார் கொடுப்பது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்கத் தடை உள்ளது. பிறந்த இடத்தில், தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும். கூடத்திலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் நாயின் பெயரால் அந்தச் சட்டம் வழங்கப்படுகிறது. பிரான்சில் 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்க முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் எந்த விதி பொருந்தும் என்பதை உள்ளூர் விலங்கு நல அமைப்பிடம் கேளுங்கள். விற்றவரின் விளம்பரம், குறுஞ்செய்திகள், பணம் அனுப்பிய ரசீது, குட்டி வந்த வாரத்து மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை இன்றே சேமித்து வையுங்கள். இப்படிப்பட்ட விளம்பரங்கள் விரைவில் நீக்கப்பட்டுவிடும்.